பந்தை விற்ற வீரன்

ஆறரை அடி உயரம். நல்ல தோற்றம். கூர்மையான மூளை. கூடைப்பந்து ஆட்டத்தில் முதல் தர வீரன். சட்டம் படித்துப் பாஸ் செய்த வக்கீலும்கூட!

அப்படிப்பட்ட ஒருவன் 43-வது வயதில், தன் வீட்டுத் தோட்டத்தில், இரவில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

அவன் பெயர் ஜாக் மோலினாஸ். அமெரிக்காவில் கூடைப்பந்து பார்க்கிறவர்களில் அவன் பெயரைக் கேள்விப்படாதவர்கள் ஒரு காலத்தில் இல்லை. முதலில் ஆட்டத்தால் பெயர் வந்தது. பிறகு சூதாட்டத்தால் வந்தது.

மதுக்கடைக்காரர் மகன்

மோலினாஸ் 1931-ம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் பிறந்தான். அவன் தந்தை கோனி ஐலண்டு என்ற இடத்தில் மதுக்கடை நடத்தினார். அது கடற்கரைப் பகுதி. ராட்டினங்களும் வேடிக்கைகளும் நிறைந்த இடம். பலதரப்பட்ட மனிதர்கள் வந்து போவார்கள்.

பையன் படிப்பில் சூரன். நியூயார்க்கில் ஸ்டைவசண்ட் என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பரீட்சை வைத்து, மூளையுள்ள பிள்ளைகளாகப் பார்த்து எடுக்கிற பள்ளிக்கூடம் அது. அங்கே அவனுக்கு இடம் கிடைத்தது. பிறகு பெயர் பெற்ற கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தான். 1950-51-ல் கொலம்பியா கோஷ்டி அந்தப் பருவத்து ஆட்டங்கள் அத்தனையிலும் ஜெயித்தது. கடைசியில் தேசியப் போட்டியில்தான் தோற்றது. அந்தக் கோஷ்டியில் மோலினாஸும் ஒருவன்.

ஆனால் பையனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பந்தயம் கட்டுவது! ஜோ ஹேக்கன் என்ற புக்கி அவனுக்குச் சிறு வயதிலேயே சிநேகமானான். புக்கி என்றால் பந்தயப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஜெயித்தவர்களுக்குப் பணம் கொடுக்கிறவன். குதிரைப் பந்தயத்தில் இருப்பது போலக் கூடைப்பந்துக்கும் அமெரிக்காவில் புக்கிகள் இருந்தார்கள். பெரும்பாலும் சட்டத்துக்கு மறைவாக.

தோற்காமலே ஏமாற்றலாம்

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அது விளங்காவிட்டால் மோலினாஸின் கதை விளங்காது.

ஒரு பலமான கோஷ்டியும் ஒரு பலவீனமான கோஷ்டியும் மோதுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் ஜெயிப்பார்கள் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அப்படியானால் பந்தயம் எப்படி நடக்கும்? எல்லோரும் பலமான கோஷ்டி மீதே பணம் கட்டுவார்களே!

அதற்குப் புக்கிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பலமான கோஷ்டி ஜெயித்தால் மட்டும் போதாது, பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்றார்கள். 80-க்கு 65 என்று ஜெயித்தால், அதன் மீது கட்டியவர்களுக்குப் பணம். 80-க்கு 72 என்று ஜெயித்தால், எட்டுப் புள்ளிதான் வித்தியாசம். அவர்கள் கட்டிய பணம் போச்சு!

திருட்டு நுழைகிற இடம் இதுதான். பலமான கோஷ்டியின் ஆட்டக்காரனிடம் போய், தோற்றுப் போ என்று யாரும் கேட்பதில்லை. ஜெயித்துக்கொள், ஆனால் எட்டுப் புள்ளியோடு நிறுத்திக்கொள் என்பார்கள். கையில் பணத்தைத் திணிப்பார்கள். அவன் இரண்டு பந்துகளைக் குறி தவறி எறிந்தால் போதும். எதிராளியைத் தடுக்க அரை விநாடி தாமதித்தால் போதும். அவன் கோஷ்டி ஜெயித்துவிடும். ஊரார் கைதட்டுவார்கள். பயிற்சியாளர் முதுகில் தட்டிக்கொடுப்பார். யாருக்கும் சந்தேகம் வராது. ஆட்டக்காரனுக்கே தான் ஒரு பெரிய தப்புச் செய்ததாகத் தோன்றாது. தோற்கச் சொன்னால் மறுத்திருக்கக் கூடிய பிள்ளைகள்கூட இதற்கு இணங்கினார்கள்.

1951-ல் இந்த ஊழல் வெடித்தது. முந்திய ஆண்டுதான் நியூயார்க் சிட்டி காலேஜ் கோஷ்டி இரண்டு பெரிய தேசியப் போட்டிகளிலும் வென்று, நகரமே கொண்டாடியிருந்தது. அந்தக் கோஷ்டியின் வீரர்களையே போலீசார் கைது செய்தார்கள். வேறு காலேஜ் மாணவர்களும் வரிசையாக மாட்டினார்கள். மோலினாஸ் அப்போது அதே நகரத்தில் மாணவன். எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தான். பார்த்தும் பந்தயத்தை விடவில்லை.

நானூறு டாலர்

1953-ல் போர்ட் வேய்ன் நகரத்துப் பிஸ்டன்ஸ் கோஷ்டி அவனைத் தேர்ந்தெடுத்தது. தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் கோஷ்டி அது. அதன் சொந்தக்காரருக்குப் பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அதனால் கோஷ்டிக்கும் அந்தப் பெயர். (பிறகு 1957-ல் அது டெட்ராய்ட் நகரத்துக்குப் போய்விட்டது.)

வந்த முதல் ஆண்டிலேயே மோலினாஸ் ஜொலித்தான். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்து நடத்துகிற நட்சத்திர ஆட்டத்துக்கு அவன் பெயரும் வந்தது. அந்த ஆட்டத்தில் அவன் ஆடவே இல்லை!

1954 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டது. மோலினாஸ் தன் சொந்தக் கோஷ்டியின் ஆட்டங்கள் மீதே பணம் கட்டியிருந்தான். நியூயார்க்கில் உள்ள ஒருவனுக்கு டெலிபோன் செய்வான். இன்றைய ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி வித்தியாசம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பான். தோதாக இருந்தால் கட்டுவான். இல்லாவிட்டால் கட்டமாட்டான். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அவனுக்குக் கிடைத்தது டெலிபோன் செலவையும் சேர்த்துச் சுமார் 400 டாலர். அந்தத் தொகைக்காக வாழ்க்கையையே தொலைத்தான்! சங்கத் தலைவர் மாரிஸ் போடலாப் அவனை விலக்கி வைத்தார். மறுபடி சேர்த்துக்கொள்ளவே இல்லை.

நீதிபதி சொன்ன காரணம்

மோலினாஸ் சும்மா இருக்கவில்லை. சட்டம் படித்தான். வக்கீலானான். சங்கத்தின் மீதே 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டான். தன் கோஷ்டி ஜெயிக்கும் என்றுதான் பணம் கட்டினான். தோற்கும் என்று ஒரு நாளும் கட்டவில்லை. அதில் என்ன குற்றம்? அவன் கட்சி இதுதான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1961-ல் தீர்ப்பளித்த நீதிபதி இர்விங் காப்மன் அதை ஏற்கவில்லை. (அணுகுண்டு ரகசிய வழக்கில் ரோசன்பர்க் தம்பதிக்கு மரண தண்டனை விதித்த அதே நீதிபதிதான்.) ஓர் ஆட்டக்காரன் சில நாள் கட்டுகிறான், சில நாள் கட்டாமல் இருக்கிறான். அவன் கட்டாத நாளில், இன்று இவனுக்கே நம்பிக்கை இல்லை என்று புக்கி தெரிந்துகொள்கிறான் அல்லவா? வாய் திறக்காமலே உள் ரகசியம் வெளியே போய்விடுகிறது. நீதிபதி எடுத்துக்காட்டிய காரணங்களில் இது ஒன்று. வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

இது பழைய காலத்துக் கவலை என்று நினைக்க வேண்டாம். 2007-ல் அதே சங்கத்தில் 13 ஆண்டு நடுவராக இருந்த டிம் டோனகி அகப்பட்டார். தான் விசில் ஊதிய ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டி, உள் விவரங்களைச் சூதாடிகளுக்கு விற்றிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் தீர்ப்பை மாற்றி ஊதவில்லை என்று கடைசிவரை சாதித்தார். 15 மாதம் ஜெயில் கிடைத்தது. 2018-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்குப் பிறகு, பல மாகாணங்களில் பந்தயம் கட்டுவது சட்டப்படியான தொழிலாகிவிட்டது. இப்போது முழு ஆட்டத்தின் மீது மட்டும் அல்ல, ஓர் ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதன் மீதும் பணம் கட்டலாம். ஜாண்டே போர்ட்டர் என்ற வீரர் உடம்பு சரியில்லை என்று சொல்லி மூன்றே நிமிடத்தில் ஆட்டத்தை விட்டு வெளியேறினார். அவர் குறைவாகத்தான் எடுப்பார் என்று முன்பே ஒருவன் பணம் கட்டியிருந்தான். 2024-ல் அவரை ஆயுள் முழுவதும் விலக்கி வைத்தார்கள். மோலினாஸ் இருந்தால் இந்த வசதியைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பான்!

இனி மோலினாஸ் கதைக்கு வருவோம்.

பிள்ளை பிடிக்கும் வக்கீல்

கோர்ட்டில் நியாயம் கேட்ட அதே ஆண்டுகளில் அவன் மறைவாக என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? காலேஜ் மாணவர்களை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தான்! 1957 முதல் 1961 வரை இந்த வியாபாரம் நடந்தது. ஹேக்கனும் கூட்டு.

பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகளையே தேடினார்கள். ஆளை அனுப்பிச் சிநேகம் பிடிப்பார்கள். ஓட்டலில் விருந்து வைப்பார்கள். கைச்செலவுக்குப் பணம் கொடுப்பார்கள். பதிலுக்கு ஒன்றும் கேட்கமாட்டார்கள். வேண்டிய நாள் வரும்போதுதான் கேட்பார்கள். 1961-ல் இந்த ஊழல் வெடித்தபோது இருபதுக்கும் மேற்பட்ட காலேஜ்களின் மாணவர்கள் சிக்கினார்கள்.

அவர்களில் பலர் காசு வாங்கியவர்கள்தான். ஆனால் ஒரு பையன் எந்த ஆட்டத்தையும் விற்கவில்லை. அவன் கதைதான் மனத்தை வருத்துகிறது.

கானி ஹாக்கின்ஸ் புரூக்ளின் பகுதியில் வறுமையில் வளர்ந்த நீக்ரோ சிறுவன் என்று அந்த நாள் பத்திரிகைகள் எழுதின. இன்று கறுப்பின இளைஞன் என்போம். படிப்பு சுமார்தான். ஆனால் பந்து அவன் கையில் பம்பரமாகச் சுழலும். 1960-ல் அயோவா சர்வகலாசாலையில் சேர்த்துக்கொண்டார்கள். ஊரிலிருந்தபோது பழகிய வக்கீல் மோலினாஸிடம் 200 டாலர் கைமாற்று வாங்கினான். அவன் அண்ணன் அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தக் காலத்து விதிப்படி முதலாண்டு மாணவன் காலேஜின் பெரிய கோஷ்டியில் ஆடவே முடியாது. ஆடாத ஆட்டத்தை எப்படி விற்பான்? ஆனாலும் துப்பறிவோர் அவனை நியூயார்க்குக்கு அழைத்துப்போய் நாள்கணக்கில் விசாரித்தார்கள். வக்கீல் துணை இல்லை. 18 வயதுப் பையன் பயந்துபோய், அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். அவன் மீது வழக்கே போடவில்லை. இருந்தும் காலேஜ் வெளியேற்றியது. தேசியச் சங்கத்தின் கோஷ்டிகளும் கதவைச் சாத்தின.

தன் தடையை எதிர்த்து 30 லட்சம் கேட்ட மோலினாஸால், ஒரு குற்றமும் செய்யாத பையனுக்கு அதே தடை!

தண்டனை

மோலினாஸ் கெட்டிக்காரன். தன் கையால் பணம் கொடுப்பதைக் கூடியவரை தவிர்த்தான். ஆனால் விசாரணை நெருங்கியதும், லஞ்சம் வாங்கிய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டுப் பொய் சொல்லும்படி தூண்டினான். அந்த மாணவன் தன் உடுப்புக்குள் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்து வைத்திருந்தான். பேசியதெல்லாம் பதிவாகிவிட்டது.

1963-ல் தீர்ப்பு. 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை. வக்கீல் தொழிலும் போயிற்று. ஐந்து ஆண்டுகள் ஜெயிலில் இருந்துவிட்டு 1968-ல் நிபந்தனையின் பேரில் வெளியே வந்தான்.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் குடிபோனான். கம்பளித் தோல் வியாபாரம், குடும்பத்தார் பார்க்கக் கூடாத சினிமாப் படங்கள் என்று எதையெதையோ செய்தான். பந்தயப் பழக்கம் மட்டும் போகவில்லை. 1974-ல் அவனுடைய வியாபாரக் கூட்டாளி அடித்துக் கொல்லப்பட்டான். 1975 ஆகஸ்டு 3-ந் தேதி மோலினாஸையும் சுட்டுவிட்டார்கள்.

அந்த வேளையில் கானி ஹாக்கின்ஸ் எங்கே இருந்தார்? இடையில் எட்டு ஆண்டுகள் சின்னக் கோஷ்டிகளிலும், ஊர் ஊராகப் போய் வேடிக்கை ஆட்டம் ஆடும் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் கோஷ்டியிலும் ஆடிப் பிழைத்தார். பிட்ஸ்பர்க் நகரத்து வக்கீல் தம்பதி ஒருவர் அவருக்காக 1966-ல் சங்கத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 1969-ல் சங்கம் சமரசத்துக்கு வந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டு, தடையை நீக்கியது. பீனிக்ஸ் நகரத்துக் கோஷ்டியில் அவர் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 27. ஒரு வீரனுடைய நல்ல வயதில் பாதி போய்விட்டிருந்தது.

1973 முதல் 1975 வரை அவர் ஆடியது லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கோஷ்டிக்கு. மோலினாஸ் வாழ்ந்த அதே நகரம்! 1992-ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். 2017-ல் காலமானார். அவர் அணிந்த 42-ம் நம்பர் சட்டையைப் பீனிக்ஸ் கோஷ்டி அவருக்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டது.