கழற்றிப் பார்த்துக் கற்ற ஜி.டி.நாயுடு

காலை மணி 6.15. பாரிட் புந்தாரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா காரை ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே வருவார். தேநீர் குடிப்பார், சட்டை மாற்றுவார், சாமி கும்பிடுவார். பத்து நிமிடம் கழித்துத்தான் கார் நகரும். அதுவரை எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். சூடேறாத எஞ்சினை எடுத்து ஓட்டினால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது அப்பாவின் நம்பிக்கை. தோட்டத்தில் லோரி ஓட்டிய தாத்தா அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

நான் நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற விடுமுறையில் ஒருநாள், இந்தக் காலத்துக் காருக்குப் பத்து நிமிடம் சூடேற்றத் தேவையில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். பாட்டியின் அறைச் சன்னல் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டியே இருக்கிறது. புகை உள்ளே போய்ப் பாட்டி இருமுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா கோபப்படவில்லை. இதுவரை எத்தனை எஞ்சினைக் கழற்றியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

ஒன்றுகூட இல்லை. வெப்ப இயக்கவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கையால் கழற்றியது கிடையாது. பதில் சொல்ல முடியாமல் நின்றபோது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த சமயம் ஆசிரியர் சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளில் ஏறி ஊர் சுற்றாமல், அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்ட இளைஞனின் கதை. அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு. விடுமுறை முழுவதும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

பள்ளியில் நிற்காத கால்கள்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. வீட்டு வயலில் வேலை செய்தார்.

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாட்டு வண்டியை மட்டுமே பார்த்திருந்த இளைஞனுக்கு அது பெரிய அதிசயம். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை ஊரில் இருக்கவிடவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவுக்கடையில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். கிடைத்த கூலியைச் செலவழிக்காமல் சேர்த்தார். சுமார் 300 ரூபாய் சேர்ந்ததும், அதே அதிகாரியிடம் போய் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

வாங்கியதும் அவர் செய்த வேலைதான் நான் சொன்ன கதை. வண்டியின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். எந்தத் திருகாணி எதைத் தாங்குகிறது, எந்தக் குழாய் எதைக் கொண்டுபோகிறது என்று கையாலேயே தெரிந்துகொண்டார். அவருக்குப் பாடப் புத்தகமும் அந்த வண்டிதான், ஆசிரியரும் அந்த வண்டிதான். அதன்பிறகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை அவருக்குத் தானாக வந்தது.

இழப்பிலிருந்து ஒரு பஸ்

அவருடைய வாழ்க்கை நேராக மேலே ஏறிவிடவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார். பிறகு பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் பணத்தைப் போட்டு இழந்தார். வெறுங்கையோடு கோயம்புத்தூர் திரும்பிய அவருக்கு, அங்கே தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் உதவி கிடைத்தது. 1920-இல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார்.

முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. வண்டி நின்றால் அடியில் படுத்துப் பழுதுபார்ப்பவரும் அவரே. அந்த ஒற்றை பஸ்தான் பிறகு யு.எம்.எஸ். என்று அழைக்கப்பட்ட யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் நிறுவனமாக வளர்ந்தது. சில ஆண்டுகளில் நேரம் தவறாத, ஒழுங்கான பஸ் சேவைக்கு அது பெயர் பெற்றது. எஞ்சினின் உள்ளே நடப்பதை அறிந்தவர் நடத்தும் பஸ் நிறுவனத்துக்கும், வெளியிலிருந்து வசூலை மட்டும் எண்ணுபவர் நடத்தும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு அது என்று நினைக்கிறேன்.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-இல் கோயம்புத்தூர் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதில் அவரோடு உழைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. உலர் மின்கலத்தில் ஓடும் சிறிய சவர இயந்திரம், மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவருடைய கண்டுபிடிப்புகளின் பட்டியல் நீளமானது. பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றிலும் ஆராய்ச்சி செய்தார். சர் சி.வி.இராமன் அவருடைய பண்ணையை வந்து பார்த்திருக்கிறார்.

தோல்விகளும் இருந்தன. தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1952-இல் இரண்டு பேர் உட்காரக்கூடிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். அரசாங்கம் உரிமம் தராததால் அந்தக் கார் தயாரிப்பு நின்றுபோனது. சாதாரணக் குடும்பமும் கார் வாங்கலாம் என்ற கனவு அவர் பட்டறையைத் தாண்டவில்லை.

நான்கு ஆண்டு எதற்கு?

பள்ளியில் நிற்காதவர் கல்லூரி தொடங்கப் பணம் கொடுத்தார் என்பது அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டபோது, முக்கிய நன்கொடையாளர் நாயுடுதான். அதுவே இன்றைய கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1945-இல் அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கருத்து. ஆங்கிலேய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

நான்கு ஆண்டுப் படிப்பின் பாதியில் இருக்கும் எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் குத்தவும் செய்தது. அவர் படிப்பே வேண்டாம் என்று சொன்னவர் அல்லர். அப்படிப்பட்டவர் கல்லூரிக்குப் பணம் கொடுப்பாரா? கையில் எண்ணெய் படாத படிப்பில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு ஆண்டு முடிந்தும் ஒரு எஞ்சினைத் தொடாத என்னைப் போன்றவனை அவர் என்ன செய்திருப்பார் என்று நினைத்தபோது, அப்பாவின் கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது.

குளிர் நாடும் நம் வாசலும்

நாயுடு பலமுறை ஐரோப்பா சென்றவர். 1936 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தை இலண்டனில் தாமே படம் பிடித்தார். ஜனவரி என்றால் அங்கே நடுக்குளிர்காலம். அந்தக் காலத்துக் காரைக் குளிர்காலக் காலையில் கிளப்புவது எளிதன்று. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பியது கார்புரேட்டர் என்ற பாகம். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகி, எல்லா இடத்துக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். சூடேறாமல் ஓட்டினால் வண்டி திணறி நின்றுவிடும். ஆகவே எஞ்சினைச் சூடேற்றிவிட்டுக் கிளம்புவது அங்கே தேவையான பழக்கமாக இருந்தது. அதே வகை எஞ்சின்கள் நம் தோட்டங்களுக்கும் வந்தன. எஞ்சினோடு அந்தப் பழக்கமும் வந்தது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது என்று தோன்றியது. எங்கள் ஊரில் அப்பாவின் நண்பர் ஒருவர் கார் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறையின் கடைசி இரண்டு வாரம் அங்கே போய் நின்றேன். ஒரு பழைய புரோட்டோன் சாகாவின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவக் கொடுத்தார். குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் என்ற மூடியைக் கையால் திறந்து மூடிப் பார்த்தேன். தாத்தா ஏன் லோரியைச் சூடேற்றினார் என்பது அப்போது நன்றாக விளங்கியது. அவர் செய்தது அவருடைய எஞ்சினுக்குச் சரிதான்.

பிறகு இன்றைய காரைப் பார்த்தேன். அதில் கார்புரேட்டர் இல்லை. எஞ்சினின் சூட்டை உணரியால் அளந்து, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. எண்ணெயும் மாறிவிட்டது. பட்டறையில் இருந்த எண்ணெய்ப் புட்டியில் 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தது. அந்த டபிள்யூ என்ற எழுத்து வின்டரைக் குறிக்கிறது, அதாவது குளிர்காலம். குளிரிலும் ஓடக்கூடிய எண்ணெயை, அதிகாலையில்கூட 20 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் பாரிட் புந்தாரில் ஊற்றி ஓட்டுகிறோம்!

குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். நின்றபடி நெடுநேரம் ஓடவிட்டால் எரியாத பெட்ரோல் உள்சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவி, எண்ணெயோடு கலக்கும். அரை நிமிடம் விட்டு மெதுவாக ஓட்டத் தொடங்கினால் எஞ்சின் விரைவில் சூடேறும். முதல் சில நிமிடம் விரட்டாமல் ஓட்டினால் போதும். பனி உறையும் நாட்டில் கண்ணாடிப் பனியை விலக்கவும் எண்ணெய் பரவவும் இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் காரில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரியும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு நாள் சோதித்தேன். முதல் நாள் நின்றபடி ஓடவிட்டோம். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகித்தான் விளக்கு அணைந்தது. மறுநாள் அரை நிமிடத்தில் கிளம்பி மெதுவாக ஓட்டினோம். இரண்டு நிமிடத்திலேயே அணைந்துவிட்டது. அப்பா கைத்தொலைபேசியில் நேரத்தைத் தாமே பார்த்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

இப்போது அப்பா தேநீர் குடித்து, சாமி கும்பிட்ட பிறகுதான் காரை ஸ்டார்ட் செய்கிறார். ஆனாலும் ஒரு நிமிடம் காத்திருக்கிறார். அந்த ஒரு நிமிடம் தாத்தாவுக்காக என்று நான் விட்டுவிட்டேன். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருப்பதையும் அவரிடம் சொன்னேன். பாட்டியின் சன்னல் இப்போது காலையில் திறந்தே இருக்கிறது.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார். அவர் வாங்கியது போல ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி நாம் எல்லாரும் கழற்ற முடியாது. ஆனால் எஸ்.பி.எம். எழுதும் தம்பி தங்கைகளே, பல்கலைக்கழக நண்பர்களே, வீட்டில் பழுதான மின்விசிறி ஒன்றாவது இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் கழற்றிப் பாருங்கள். பெரியவர்கள் சொல்லும் பழக்கத்தைக் கேலி செய்வதற்கு முன்பும், கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதற்கு முன்பும், அது எதற்காக வந்தது என்று தேடுங்கள். நான் முதலில் அப்பாவிடம் விடையை மட்டும் சொன்னேன், அவர் ஏற்கவில்லை. கையில் எண்ணெய்க் கறையோடு காரணத்தைக் காட்டியபோதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.