வேலியும் பயிரும்

பயிரைக் காப்பதற்காகவே வேலி அமைக்கப்படுகிறது. ஆடு மாடுகள் நுழையாமலும் பயிர் அழியாமலும் வேலி காக்கிறது. ஆயினும், வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்னும் கேள்வி நம் முன்னோர் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. நாட்டு மக்களைப் பயிர் என்று கொண்டால் அரசாங்கமே வேலி. திருடரிடமிருந்தும் பகைவரிடமிருந்தும் மக்களைக் காக்கும் அரசாங்கம், தன் கையில் உள்ள அதிகாரத்தால் மக்களையே வருத்தாமல் இருக்க வேண்டும். அதற்கென ஏற்படுத்தப்பட்ட ஏற்பாடே அரசியலமைப்புச் சட்டம் உறுதி செய்யும் அடிப்படை உரிமைகளாகும். நம் நாட்டு அரசியலமைப்பில் இவ்வுரிமைகள் இடம்பெற்ற வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது சுதந்திரத் தந்தை துங்கு அப்துல் ரஹ்மானின் வாழ்க்கை.

பினாங்கில் பயின்ற இளவரசர்

துங்கு 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் பிறந்தார். தந்தை கெடா சுல்தான் அப்துல் ஹமீது ஹலிம் ஷா. தாயார் சயாமிய வழிவந்த சிக் மெஞ்சலாரா. இளமையில் அலோர் ஸ்டாரிலும் பின்னர் பாங்காக்கிலும் பயின்ற துங்கு, அதன்பின் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் சேர்ந்தார். 1816இல் தொடங்கப்பட்ட அப்பள்ளி எல்லா இனப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. மலாய், சீன, இந்தியச் சிறுவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தனர். அன்று அப்பள்ளி ஜார்ஜ்டவுனின் ஃபார்குவார் தெருவில் இருந்தது. அக்கட்டடத்தில்தான் பிற்காலத்தில் பினாங்கு மாநில அருங்காட்சியகம் அமைந்தது.

அதன் அருகிலேயே உயர்நீதிமன்றம் இருக்கிறது. பினாங்கின் நீதித்துறை வரலாறு நீண்டது. 1807இல் இங்கிலாந்து மன்னர் வழங்கிய நீதிச் சாசனத்தின் வழியாகப் பினாங்கில் முறையான நீதிமன்றம் ஏற்பட்டது. அதற்கு முன்னர், அத்தீவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் சொல்லே பெரும்பாலும் சட்டமாக இருந்தது. ஆட்சி செய்பவர் வேறு, நீதி வழங்குபவர் வேறு என்னும் எண்ணம் இவ்வட்டாரத்தில் வேரூன்றத் தொடங்கிய இடங்களுள் பினாங்கு முதன்மையானது.

கெடா அரசின் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குச் சென்ற துங்கு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1925இல் பட்டம் பெற்றார். சட்டப் படிப்பையும் தொடங்கினார். ஆனால் அது நிறைவேறவில்லை. நாடு திரும்பி, 1931இல் கெடா அரசுப் பணியில் சேர்ந்து, பின்னர் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நாற்பது வயதைக் கடந்த நிலையில், விட்ட படிப்பைத் தொடர மீண்டும் இங்கிலாந்து சென்றார். தம்மைவிட இருபது வயது இளையோருடன் அமர்ந்து படித்து 1949இல் வழக்கறிஞர் தகுதியைப் பெற்றார். அந்தச் சட்ட அறிவு அடுத்த பத்தாண்டுகளில் ஒரு நாட்டுக்கே பயன்பட்டது.

அச்சம் சூழ்ந்த காலம்

துங்கு நாடு திரும்பியபோது மலாயாவில் அவசரகாலம் நடப்பில் இருந்தது. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்குவதற்காக 1948 ஜூன் மாதம் பிரிட்டிஷ் அரசாங்கம் அதனை அறிவித்தது. காட்டிலிருந்து வந்தோரின் தாக்குதலுக்குத் தோட்டத் தொழிலாளர்களும் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களும் இரையாயினர். அதே வேளையில், அவசரகால விதிகளின்கீழ் பல்லாயிரம் பேர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். ஏறத்தாழ 5 இலட்சம் பேர் தங்கள் இருப்பிடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். நாட்டின் பாதுகாப்பு ஒரு பக்கம், தனிமனிதரின் உரிமை மறு பக்கம் என்னும் இழுபறியை மக்கள் அன்றாட வாழ்வில் கண்டனர்.

1951இல் அம்னோவின் தலைவரான துங்கு, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய கட்சிகளோடு கைகோர்த்துக் கூட்டணியை வழிநடத்தினார். 1955ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் போட்டியிடப்பட்ட 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. துங்கு முதலமைச்சரானார். 1956 தொடக்கத்தில் இலண்டனில் நடந்த பேச்சுவார்த்தையில் விடுதலைக்கு வழி பிறந்தது. சுதந்திர நாட்டின் அரசியலமைப்பை வரைவதற்குத் தனி ஆணையம் ஒன்றை அமைக்கவும் உடன்பாடு ஏற்பட்டது.

அவ்வேளையில் பினாங்கில் ஒரு தயக்கம் நிலவியது. பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதியாக இருந்த பினாங்கு, 1948இல் மலாயாக் கூட்டரசில் சேர்க்கப்பட்டபோதே, அங்குள்ள வணிகர் சிலர் பிரிந்து செல்ல வேண்டும் என்று கோரினர். அத்தீர்மானம் 1949இல் பினாங்கு மன்றத்தில் தோல்வியுற்றது. இருப்பினும், பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற நிலை போய்விட்டால் தங்கள் உரிமைகளுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த தமிழர்களுக்கும் இதையொத்த கவலை உண்டு. நாட்டின் தலைவர்கள் நல்லவர்களாக இருந்தால் மட்டும் போதாது. தலைவர் மாறினாலும் மாறாத உறுதி எழுத்தில் இருக்க வேண்டும் என்று பலரும் விரும்பினர்.

ஐவர் வரைந்த வரைவு

பிரிட்டனைச் சேர்ந்த நீதிபதி ரீட் பிரபுவின் தலைமையில் ஆணையம் அமைந்தது. சர் ஐவர் ஜெனிங்ஸ், ஆஸ்திரேலியாவின் சர் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் பி. மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீது ஆகியோர் மற்ற உறுப்பினர்கள். மலாயாவைச் சேர்ந்த எவரும் அதில் இடம்பெறவில்லை. உள்நாட்டவரைக் கொண்டு அமைத்தால் இன, கட்சிச் சார்பு நுழையக்கூடும் என்பதால், வெளிநாட்டு வல்லுநர்களே வேண்டும் என்னும் நிலையைத் துங்கு எடுத்தார். ஆணையம் 1956இல் 118 முறை கூடியது. 131 கோரிக்கை மனுக்களைப் பெற்றது.

உறுப்பினர்கள் வெவ்வேறு அனுபவங்களோடு வந்தனர். 1950இல் நடப்புக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகளை விரிவாகப் பட்டியலிட்டிருந்தது. பிரிட்டனிலோ அவ்வாறான எழுத்து வடிவிலான அரசியலமைப்பே இல்லை. அங்கு நாடாளுமன்றமே உயர்ந்தது. இலங்கை அரசியலமைப்பின் உருவாக்கத்தில் பங்காற்றிய ஜெனிங்ஸ், உரிமைகளை நீளமாகப் பட்டியலிடுவதில் அவ்வளவாக நாட்டம் கொண்டவர் அல்லர். ஆயினும், இறுதியில் உரிமைகளை எழுத்தில் உறுதி செய்வதென்றே ஆணையம் முடிவு செய்தது.

ஆணையத்தின் வரைவில் ஒரு சொல் பெரும் விவாதத்துக்கு உள்ளானது. பேச்சுரிமை, ஒன்றுகூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றுக்கு நாடாளுமன்றம் நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்று வரைவு கூறியது. ‘நியாயமான’ என்னும் சொல் இருந்தால், ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்பதை நீதிமன்றம் ஆராயும். சட்டமியற்றுவது மக்கள் பிரதிநிதிகளின் பொறுப்பு. எனவே அச்சொல் வேண்டா என்று அப்துல் ஹமீது மாற்றுக் கருத்தை எழுதினார். மலாய் ஆட்சியாளர்களின் பிரதிநிதிகளும் துங்குவின் தலைமையிலான கூட்டணிப் பிரதிநிதிகளும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் சேர்ந்து வரைவை மறுஆய்வு செய்தனர். இறுதி வடிவத்தில் அச்சொல் இடம்பெறவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கில், அச்சொல் இருப்பதாகக் கொண்டே அப்பிரிவைப் படிக்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

எழுத்தில் பதிந்த உறுதி

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. கோலாலம்பூரில் துங்கு விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். பினாங்கின் பாடாங் கோத்தாவிலும் மக்கள் கூடி விழா எடுத்தனர். ராஜா ஊடா பினாங்கு மாநிலத்தின் முதல் ஆளுநராகவும் வோங் பாவ் நீ முதலமைச்சராகவும் பொறுப்பேற்றனர்.

நாட்டில் அரசியலமைப்பே தலையாய சட்டம் என்று 4ஆவது பிரிவு கூறுகிறது. விடுதலைக்குப் பின் இயற்றப்படும் எந்தச் சட்டமும் அதற்கு முரணாக இருந்தால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது. அடிப்படை உரிமைகள் இரண்டாம் பகுதியில், 5 முதல் 13 வரையிலான பிரிவுகளில் உள்ளன. சட்டத்துக்குப் புறம்பாக எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறித்தல் கூடாது என்கிறது 5ஆவது பிரிவு. கைது செய்யப்பட்டவரிடம் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும். அவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரை நாட அனுமதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சட்டவிரோதமாக ஒருவர் அடைத்து வைக்கப்பட்டுள்ளார் என்று முறையிட்டால், அவரைத் தன் முன் கொண்டுவரச் செய்து உயர்நீதிமன்றம் விசாரிக்கலாம். இதுவே ஆட்கொணர்வு மனு எனப்படும்.

அடிமை முறைக்கும் கட்டாய உழைப்புக்கும் தடை, சட்டத்தின் முன் சமத்துவம், நடமாடும் உரிமை, பேச்சுரிமை, சமய உரிமை, கல்வி உரிமை, சொத்துரிமை ஆகியவையும் இப்பகுதியில் அடங்கும். சஞ்சிக்கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாய உழைப்பைத் தடை செய்யும் 6ஆவது பிரிவு வெறும் எழுத்தன்று. அது அவர்களின் குடும்ப வரலாற்றுக்குக் கிடைத்த விடை.

வேலிக்குள் ஒரு வாயில்

எனினும், இவ்வுரிமைகள் எல்லையற்றவை அல்ல. நாட்டுக்கு எதிரான வன்செயலைத் தடுக்கவும் அவசரகாலத்தைச் சமாளிக்கவும் தனிச் சட்டங்கள் இயற்றலாம் என்று 149, 150ஆவது பிரிவுகள் இடமளிக்கின்றன. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்படி, அமைச்சரின் ஆணையின் பேரில் ஒருவரை விசாரணையின்றி ஈராண்டு வரை தடுத்து வைக்கலாம். அந்த ஆணையைப் புதுப்பிக்கவும் செய்யலாம். எல்லைக் காடுகளில் எஞ்சியிருந்த கம்யூனிஸ்டுகளின் அச்சுறுத்தலை எதிர்கொள்வதற்கே அச்சட்டம் என்று துங்குவின் அரசாங்கம் விளக்கியது. உரிமைகளை எழுத்தில் உறுதி செய்த தலைவரின் ஆட்சியிலேயே அவற்றுக்கு விலக்களிக்கும் சட்டமும் பிறந்தது.

1969 மே 13 கலவரம் நாட்டை உலுக்கியது. 1970 செப்டம்பரில் துங்கு பிரதமர் பதவியிலிருந்து விலகினார். இஸ்லாமிய நாடுகளின் அமைப்பின் முதல் பொதுச்செயலாளராகப் பணியாற்றிய பின்னர், தாம் சிறுவனாகப் பயின்ற பினாங்கிலேயே வாழ்ந்தார். முன்னர் ஆயர் ராஜா சாலை என வழங்கிய சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1971இல் பினாங்கில் தொடங்கப்பட்ட ‘தி ஸ்டார்’ நாளிதழின் தலைவராகவும் இருந்து, அதில் தொடர்ந்து பத்தி எழுதினார். அதிகாரத்தில் இருப்பவரையும் குறை கண்டால் சுட்டிக்காட்டினார்.

1987 அக்டோபர் இறுதியில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அரசியல்வாதிகளும் சமூக ஆர்வலர்களும் கல்வியாளர்களும் அவர்களுள் இருந்தனர். மூன்று நாளிதழ்களின் உரிமமும் மீட்டுக்கொள்ளப்பட்டது. ‘தி ஸ்டார்’ அவற்றுள் ஒன்று. இன உணர்வுகள் கொந்தளிப்பதைத் தடுக்கவே இந்நடவடிக்கை என்று அரசாங்கம் விளக்கமளித்தது. 84 வயதான துங்கு அதனை வெளிப்படையாகக் குறைகூறினார். ஆயுதம் ஏந்தியோரை மனத்தில் கொண்டு தம் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம், ஆயுதம் ஏந்தாதவர்மீது பாய்வதை அவர் ஏற்கவில்லை. 1988 மார்ச்சில் நாளிதழ் மீண்டும் வெளிவந்தபோது அவருடைய பத்தி அதில் இல்லை.

1990 டிசம்பர் 6ஆம் நாள் துங்கு காலமானார். அவரது உடல் கெடாவின் லங்காரில் உள்ள அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டு, அதற்கு மாற்றாக வேறொரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்புக்கும் உரிமைக்கும் இடையே சமநிலை காணும் முயற்சி இன்னும் தொடர்கிறது.

துங்குவின் வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களை உணர்த்துகிறது. அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்க எழுத்திலான சட்டம் தேவை என்பது முதலாவது. அச்சட்டத்தில் ஒரு விலக்கை ஏற்படுத்துபவர், தம் காலத்தை மட்டும் எண்ணாமல், பிற்காலத்தில் அது எவர் கையில் சேரும் என்பதையும் எண்ண வேண்டும் என்பது இரண்டாவது. நல்ல வேலி பயிரைக் காக்கும். அந்த வேலியைக் கண்காணிக்கும் பொறுப்பு, தம் உரிமைகளையும் கடமைகளையும் அறிந்த குடிமக்களுக்கே உரியது.