இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வீரர்

விளையாட்டு விழா நெருங்கினால், ஓட்டப் பந்தயம் உடல் வலிமை மிக்கவர்களுக்கே உரியது என்று எண்ணி நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அவ்வெண்ணம் தவறு என்பதை நார்மன் பிரிட்சார்டின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

அன்றைய கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்த இவர், இயேசு சபைக் குருக்கள் நடத்தும் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றார். 1897-ஆம் ஆண்டு கால்பந்து ஆட்டம் ஒன்றில் தம் கல்லூரிக்காக மூன்று கோல்கள் அடித்தார். 1894 முதல் 1900 வரை வங்காள மாகாணத்தின் 100 கெஜ ஓட்டத்தில் ஏழு ஆண்டுகளும் இவரே முதல்வர்.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்திலும், 200 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் இரண்டாம் இடம் பெற்றார். பந்தயங்கள் புல்தரையிலேயே நடந்தன. தடை ஓட்டத்தில் இவரை வென்றவர் அமெரிக்கரான ஆல்வின் கிரான்ஸ்லின். மற்றவர்கள் காலை மடக்கி உயரே எழும்பித் தாண்டிய அக்காலத்தில், அவர் முன்காலை நேராக நீட்டித் தடையை ஒட்டியே தாண்டினார். தரையை உதைத்தால்தான் உடல் முன்னே செல்லும். காற்றில் இருக்கும்போது யாராலும் வேகத்தைக் கூட்ட இயலாது. எனவே விரைவில் தரையைத் தொடுபவர் ஒவ்வொரு தடையிலும் சிறிது நேரத்தை மிச்சப்படுத்துகிறார். பத்துத் தடைகளில் அது பெரிதாகிவிடுகிறது.

மிக வேகமாக ஓடுபவரின் பாதம் ஒவ்வொரு அடியிலும் நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரமே தரையில் படுகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். அதற்குள் தரையை எவ்வளவு அழுத்தமாக உதைக்கிறார் என்பதில்தான் வேகம் இருக்கிறது. வலிமையோடு முறையும் வேண்டும். முறையைப் பயிற்சியால் கற்கலாம்.

பிரிட்சார்ட் 1905-இல் இங்கிலாந்து சென்று நாடக நடிகரானார். பின்பு அமெரிக்காவில் நார்மன் டிரெவர் என்னும் பெயரில் ஊமைப் படங்களில் நடித்து, 1929-இல் அங்கேயே காலமானார். அவருடைய பதக்கங்கள் இங்கிலாந்துக்கு உரியவை என்று வாதிடுவோரும் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியோ அவற்றை இந்தியாவின் கணக்கிலேயே வைத்துள்ளது.

அன்று பாரிஸில் பெண்கள் ஓட இடமில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் அந்தக் கதவு திறந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், நம் மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பிறந்து வெறுங்காலுடன் ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி இந்தியாவுக்காக ஓடினார்.

தோழியரே, ஓரமாக நின்று கைதட்டுவதோடு நாம் நின்றுவிட வேண்டாம். இறைவன் தந்த கால்களைக் கொண்டு, முறையாகப் பழகி, வரும் விளையாட்டு விழாவில் நாமும் களத்தில் இறங்குவோம்.