சுமையற்ற வழிநடை: ஜான் மியூர்

காட்டிலும் மலையிலும் தங்கி வாழ்ந்தவர் பலர். அவ்வாழ்வை நூலாக்கியவர் சிலர். அந்நூல்களால் மலைகளுக்கே காவல் தேடித் தந்தவர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஜான் மியூர்.

1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடலோர ஊரில் அவர் பிறந்தார். 1849இல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. தந்தை டேனியல் கடுமையான சமயப் பற்றாளர். விவிலியத்தின் புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் சிறுவன் மனப்பாடம் செய்தது அடிக்கு அஞ்சியே. பண்ணையில் கிணறு வெட்டும் பணியும் மகன் மீதே விழுந்தது. மணற்பாறையை உளியால் செதுக்கியவாறே 80 அடி ஆழம் சென்றபோது, நச்சுக்காற்றுச் சூழ்ந்து அவர் மயங்கினார். உயிர் பிழைத்துத் தேறியதும் மீண்டும் அதே கிணற்றில் இறக்கப்பட்டார். இரவில் நூல் படிக்க வீட்டில் இசைவில்லை. விடியுமுன் எழுந்தால் படிக்கலாம் எனத் தந்தை சொல்ல, மகன் நள்ளிரவு கடந்த 1 மணிக்கே எழத் தொடங்கினார். குறித்த வேளையில் உறங்குபவரைச் சாய்த்து எழுப்பிவிடும் கட்டில் ஒன்றையும் மரத்தாலேயே செய்தார். 1861இல் மேடிசனிலுள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் பயின்று, பட்டம் பெறாமலே வெளியேறினார்.

அவரது வாழ்வைத் திருப்பியது ஒரு விபத்து. 1867ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இண்டியானாபொலிஸ் நகரத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கையில் அரம் நழுவி வலக்கண்ணில் பாய்ந்தது. விரைவில் மற்றக் கண்ணும் ஒளி இழந்தது. இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தார். பார்வை மீண்டபோது, எஞ்சிய காலத்தை எந்திரங்களுக்கு அளிப்பதில்லை என உறுதி பூண்டிருந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து ஃபுளோரிடாவின் வளைகுடாக் கரைவரை ஏறத்தாழ 1,000 மைல் நடந்தார். சிறு பையில் சீப்பு, துவாலை, சவர்க்காரம், ஒரு மாற்று உள்ளாடை; உடன் பர்ன்ஸ் கவிதைகள், மில்ட்டன் காவியம், புதிய ஏற்பாடு; செடிகளை அழுத்திக் காக்கும் கருவி ஒன்று. ஆடையில் குறைத்தவர் கவிதையில் குறைக்கவில்லை. சவான்னா நகரில் பணவரவுக்குக் காத்திருந்த நாட்களில் இடுகாடே அவருக்குப் படுக்கையாயிற்று. பயண முடிவில் மலேரியாக் காய்ச்சல் அவரை வீழ்த்தியது.

1868இல் கலிபோர்னியா சேர்ந்தார். மறு ஆண்டுக் கோடையில் 2,050 ஆடுகள் கொண்ட மந்தையுடன் சியரா நெவாடா மலைமீது சென்றார். மேய்ப்பனை மேற்பார்ப்பது வேலை. இடைவாரில் கட்டிய குறிப்பேட்டில் மலையை எழுதுவது வாழ்வு. உணவு வரத் தாழ்ந்த நாட்களில் ரொட்டியின்றி உடல் சோர்ந்தது. தம் மனவிடுதலை ஒரு பிடி மாவைச் சார்ந்திருப்பது கண்டு அவர் நாணினார். பசும்புல்வெளிகளை மந்தை மொட்டையடிப்பதையும் கண்டார். பிற்காலப் போராட்டங்களின் வித்து அங்கேயே விழுந்தது.

அடுத்த ஆண்டுகளில் ரொட்டி, தேயிலை, தகரக் குவளை ஆகியவற்றோடு தனியே அலைந்தார். பல இரவுகளில் கம்பளியும் இல்லை. மூட்டிய தீயே போர்வை. சுமை குறைந்ததால் நெடுந்தொலைவு நடந்தார். நெடுந்தொலைவு நடந்ததால், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் குடைந்தது பனியாறே என்பதற்குச் சான்றுகள் திரட்டினார். நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்ததால் உண்டான பள்ளம் அது என்று கருதிய நிலவியலறிஞர் விட்னி அக்கருத்தை இகழ்ந்தார். பின்னாளைய ஆய்வு பனியாற்றின் பங்கை உறுதி செய்தது.

சுமையின்மைக்கு விலையும் உண்டு. 1875ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் சாஸ்தா மலையுச்சியில் புயலில் சிக்கியபோது மேலங்கிகூட இல்லை. துணைவருடன் வெந்நீராவி எழும் சேற்றில் இரவெல்லாம் கிடந்தார். உடலின் ஒருபுறம் வெந்தது, மறுபுறம் உறைந்தது.

எழுத்து அவருக்கு மலையேற்றத்தினும் கடினமாயிருந்தது. 1873-74இல் பத்து மாதங்கள் ஓக்லாந்து நகரில் அடைபட்டு எழுதினார். 1880இல் லூயி ஸ்ட்ரென்ட்செல் என்பவரை மணந்து, மார்ட்டினெஸ் ஊரில் பழத்தோட்டம் நடத்தினார். முதல் நூலான கலிபோர்னியாவின் மலைகள் 1894இல் வெளிவந்தபோது வயது 56. முன்பே இதழ்களில் வந்த கட்டுரைகளை நூலாக்குகையில் மிகையான பெயரடைகளையும் வினையடைகளையும் களையெனப் பிடுங்கி எறிந்தார். மூட்டையைக் குறைத்த கையே வாக்கியத்தையும் குறைத்தது. 1869ஆம் ஆண்டுக் குறிப்பேடு, சியராவில் என் முதற் கோடை என்னும் நூலாக 1911இல்தான் உருப்பெற்றது.

இரு விருந்தினர் கதை அவர் வாழ்வில் இணைத்து நினைக்கத்தக்கது. 1871இல் யோசெமிட்டி வந்த முதியவர் எமர்சனை, மாபெரும் செக்கோயா மரங்களின் கீழ் ஓரிரவு தங்குமாறு மியூர் வேண்டினார். குளிருக்கு அஞ்சிய உடன்வந்தோர் அவரை விடுதிக்கு அழைத்துச் சென்றனர். மியூர் தீயருகே தனித்துத் துயின்றார். 1903ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டோ, மூன்று இரவுகள் அவருடன் வெட்டவெளியில் தங்கினார். பனிபொழிந்த இரவும் அவற்றுள் ஒன்று. மாநில ஆட்சியில் இருந்த யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு 1906இல் தேசியப் பூங்காவுடன் இணைந்தது.

அவர்பால் குறையும் உண்டு. யோசெமிட்டியில் வாழ்ந்த அவானீச்சி மக்கள் 1851இல் படைகொண்டு விரட்டப்பட்டவர்கள். தொல்குடியினரைத் தொடக்க நூல்களில் இகழ்ச்சியாகவே மியூர் சித்திரித்தார். நிலத்தில் வடுவின்றி நடந்தவர்கள் அவர்களே என்பதையும் அவரே எழுதினார். எனினும் மனிதரற்ற தூய கானகம் என்னும் கற்பனை அவர் எழுத்தால் வலுப்பெற்றது. 1892இல் அவர் தலைமையில் தோன்றிய சியரா கழகம் 2020இல் இக்குறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இறுதிப் போர் ஹெட்ச் ஹெட்ச்சிப் பள்ளத்தாக்குக்காக. சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காகத் தேசியப் பூங்காவுக்குள்ளேயே அணை கட்டும் சட்டம் 1913ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. ஓராண்டு கழித்து, 1914ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், லாஸ் ஏஞ்செலஸ் மருத்துவமனையொன்றில் நுரையீரல் அழற்சியால் மியூர் மறைந்தார். அணை 1923இல் எழுந்தது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. அவர் முடிக்காது விட்ட அலாஸ்கா நூல் 1915இல் வெளிவந்தது. சிறு பையோடு 1,000 மைல் நடந்த இளைஞரின் குறிப்பேடு, அடுத்த ஆண்டு அச்சேறியது.