நிலம் காத்த ஙாட்டா

ஒரே நாட்டில் இருவகை மக்கள் வாழும் நிலை உலகில் பல இடங்களில் உண்டு. ஒரு சாரார் அந்நாட்டின் பழங்குடியினர்; மற்றொரு சாரார் பின்னர் வந்து குடியேறி, ஆட்சியைக் கைக்கொண்டவர். இவ்விரு சாரார்க்கும் இடையே அமைச்சராக இருந்து பணி புரிதல் எளிதன்று. பழங்குடியினர் தம் நிலம் பறிபோயிற்று என வருந்துவர். குடியேறியோர் தம் வரிப்பணம் பிறர்க்குச் செல்கின்றதே என முணுமுணுப்பர். அவ்வமைச்சர் தாமே பழங்குடியிற் பிறந்தவராயின், அவர் சுமக்கும் சுமை இரு மடங்காகும். அச்சுமையை ஏற்றுச் சுமந்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம். அவர் நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த சர் அபிரானா ஙாட்டா ஆவார். தமிழில் மொழிக்கு முதலில் வருதற்கு அரிதான ஙகரம், அவர்தம் மாவோரி மொழியில் இயல்பாகவே முதலில் வரும்.

மாவோரியரும் அவர்தம் நிலமும்

நியூசிலாந்து, பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள தீவு நாடு. ஐரோப்பியர் அங்குச் செல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பெருங்கடலைத் தோணிகளிற் கடந்து வந்து குடியேறியவர் மாவோரியர். அவர்கள் பல குலங்களாகப் பிரிந்து வாழ்ந்தனர். நிலம் தனி ஒருவரின் உடைமையாக இல்லாமல், குலத்தின் பொதுவுடைமையாக இருந்தது. ஆறும் மலையும் முன்னோர் பெயரோடு இணைத்துப் போற்றப்பட்டன.

1840ஆம் ஆண்டில் வைட்டாங்கி என்னுமிடத்தில் ஆங்கில அரசும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். மாவோரியரின் நிலவுரிமை காக்கப்படும் என்பது அதன் உறுதிமொழிகளுள் ஒன்று. ஆயினும், வெள்ளையர் பெருந்திரளாக வந்து குடியேறவே, நிலவேட்கை மிகுந்தது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளிற் போர்கள் மூண்டன. போரின் பின்னர் அரசு பல இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பறிமுதல் செய்தது. எஞ்சிய நிலத்திற்கு, 1865ஆம் ஆண்டு முதல் நில நீதிமன்றம் தனித்தனியே உரிமை வகுத்தது. குலத்தின் பொதுவுடைமை பலருடைய பங்குகளாகச் சிதறியது. வழக்குச் செலவாலும் கடனாலும் நொந்த மக்கள் தம் பங்குகளை விற்றனர். 1896ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் மாவோரியர் தொகை ஏறத்தாழ 42,000 ஆகக் குறைந்திருந்தது. அம்மக்கள் விரைவில் மறைந்தொழிவர் என்றே பலரும் எண்ணினர்.

பிறப்பும் கல்வியும்

இத்தகைய காலத்தில், 1874ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 3ஆம் நாள், வடதீவின் கீழ்க்கரையில் உள்ள தெ அராரோவா என்னும் ஊரில் அபிரானா பிறந்தார். அவர் ஙாட்டி போரோ என்னும் குலத்தினர். தந்தையார் பாராட்டெனெ, நில நீதிமன்றத்திற்குத் துணையாகப் பணியாற்றியவர், குலவரலாறுகளை நன்கறிந்தவர். தந்தையாரிடமிருந்தும் குலத்தின் முதியோரிடமிருந்தும் முன்னோர் வழிமுறையையும் பழம்பாடல்களையும் அபிரானா கேட்டு வளர்ந்தார்.

பத்து வயதளவில் அவர் தெ ஔட்டே கல்லூரிக்கு அனுப்பப்பெற்றார். அது மாவோரிச் சிறுவர் தங்கிப் பயிலும் பள்ளி. அங்கு உதவிச் சம்பளம் பெற்றுக் கிறைஸ்ட்சர்ச் நகரின் கான்டர்பரிக் கல்லூரிக்குச் சென்று, 1893ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டம் பெற்றார். நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற முதல் மாவோரியர் அவரே. பின்னர் 1896ஆம் ஆண்டில் சட்டப் பட்டமும் பெற்றார்.

நகரில் வழக்கறிஞராக அமர்ந்து அவர் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ மனைவி அரிகியாவுடன் வையாப்பு ஆற்றங்கரையில் உள்ள வையோமாட்டாட்டினி என்னும் தம் சிற்றூருக்குத் திரும்பினார். தெ ஔட்டே மாணவர் பலரும் கூடி 1897ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தனர். மருத்துவம் பயின்ற மவுயி பொமாரே, பீட்டர் பக் என்பாரும் அவ்வியக்கத்தைச் சார்ந்தவரே. அவர்கள் ஊர்தோறும் சென்று தூய நீர், நல்ல இல்லம், கல்வி ஆகியவற்றின் இன்றியமையாமையை எடுத்துரைத்தனர். ஙாட்டா உழவையும் அவற்றோடு சேர்த்தார். நிலம் வெறுமனே கிடந்தால் அதனைக் கைப்பற்றப் பிறர் வருவர். விளைநிலத்தைப் பறித்தல் எளிதன்று என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையைத் தம் குலத்தாரிடமே முதலிற் செயற்படுத்திக் காட்டினார். பங்காளிகள் பலரும் ஒரு கூட்டமைப்பாக இணைந்து, தேர்ந்தெடுத்த குழுவிடம் நிலத்தை ஒப்படைத்தனர். புதர்கள் அழிந்தன, புல் விதைக்கப்பட்டது, செம்மறியாடுகள் பெருகின. பிற்காலத்தில் ருவாட்டோரியாவிற் பால்பண்ணைக் கூட்டுறவு நிறுவனம் ஒன்றும் எழுந்தது. மாவோரியர் செய்த வெண்ணெய் சந்தைக்குச் சென்றது.

சட்டமன்றத்தில்

1905ஆம் ஆண்டில் கீழை மாவோரித் தொகுதியினின்றும் நாடாளுமன்றத்திற்கு ஙாட்டா தேர்ந்தெடுக்கப்பெற்றார். அத்தொகுதியை 38 ஆண்டுகள் இடையறாது வகித்தார். 1907ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி ராபர்ட் ஸ்டவுட் என்பாரோடு, மாவோரி நிலங்களை ஆராயும் ஆணைக்குழுவில் அமர்ந்தார். இருவரும் நாடெங்கும் சென்று விசாரித்தனர். மாவோரியர் தம் நிலத்தைத் தாமே பயிரிடுதற்கு அரசு துணை புரிதல் வேண்டும் என்று பரிந்துரைத்தனர். குடியேறிய உழவர்க்கு அரசு குறைந்த வட்டியிற் கடன் வழங்கி வந்தது. ஒரே நிலத்திற்கு உரியவர் நூற்றுக்கணக்கினர் என்பதால் மாவோரியர்க்கு அக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடனின்றி உழவு இல்லை. உழவின்றி நிலம் வீண். வீணே கிடந்த நிலம் விலைபோயிற்று. இச்சங்கிலியை அறுத்தல் வேண்டும் என ஙாட்டா உறுதி பூண்டார். அதற்குரிய ஆற்றல் கைக்கு வர அவர் இருபது ஆண்டுகள் காத்திருந்தார்.

அமைச்சர் பணி

1927ஆம் ஆண்டில் அவர்க்குச் 'சர்' பட்டம் வழங்கப்பெற்றது. 1928ஆம் ஆண்டின் இறுதியில், சர் ஜோசப் வார்டு அமைத்த அமைச்சரவையில் மாவோரியர் நலத்துறை அமைச்சரானார். பொறுப்பேற்ற சில திங்களிலேயே பெருந்துயர் வந்தது. 1929ஆம் ஆண்டில் மனைவி அரிகியாவும் மூத்த மகனும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். அத்துயரை நெஞ்சில் அடக்கிக்கொண்டு, அவ்வாண்டே புதுச்சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்.

அச்சட்டம் மாவோரி நிலங்களைப் பண்படுத்த அரசுப் பணத்தைச் செலவிட வழி செய்தது. உரிமை பலரிடம் சிதறிக் கிடந்தாலும் பணி தடைப்படாதவாறு, பண்படுத்தும் காலம் வரை நிலத்தின் மேற்பார்வையை அமைச்சர் ஏற்பார். நிலத்துக்குரியவரே அதில் உழைப்பர். செலவிட்ட தொகை விளைவிலிருந்து அடைக்கப்படும். ரோட்டோருவாவை அடுத்த ஹோரோஹோரோவில் பணி தொடங்கிற்று. முட்புதர் மண்டிய இடங்களில் வேலி எழுந்தது; பசுக்கள் மேய்ந்தன; குடும்பங்களுக்கு இல்லங்கள் அமைந்தன. பின்னர்த் திட்டங்கள் தீவின் பல பகுதிகளுக்கும் பரவின.

இவற்றுள் வைக்காட்டோப் பகுதி சிறப்பாகக் குறிக்கத்தக்கது. 1860களில் நிலம் பறிமுதலான மக்கள் அப்பகுதியினர். அரசின்மீது அவர்கள் கொண்ட மனக்கசப்பு ஆறவில்லை. அவர்தம் தலைவியார் தெ புவேயா, முதல் உலகப் போரிற் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து நின்றவர். ஙாட்டாவோ அப்போருக்கு ஆள் திரட்டியவர். இங்ஙனம் மாறுபட்ட இருவரும் நிலத்தின் பொருட்டு நண்பராயினர். அரசின் திட்டத்தைத் தம் மக்களிடையே நடத்தும் பொறுப்பைத் தெ புவேயா ஏற்றார். இரு தலைமுறையாக மூடியிருந்த கதவு அதனாற் சிறிது திறந்தது.

நிலத்தோடு கலையும் வாழ்தல் வேண்டும் என்பது ஙாட்டாவின் உள்ளக் கருத்து. மாவோரிக் குலம் ஒவ்வொன்றும் மரச்சிற்பம் நிறைந்த பொதுமன்றம் உடையது. அச்சிற்பக்கலை அழியும் நிலையில் இருந்தது. அமைச்சராவதற்கு முன்னரே, ரோட்டோருவாவிற் கலைப்பள்ளி ஒன்று தோன்ற அவர் காரணராயினார். அங்குப் பயின்ற தச்சர் ஊர்தோறும் புதிய மன்றங்களை எழுப்பினர். முதியோர் நாவில் மட்டும் வாழ்ந்த பழம்பாடல்களையும் அவர் நெடுங்காலம் தேடித் தொகுத்து, ஙா மோட்டேயாட்டேயா என்னும் பெயரில் வெளியிட்டார்.

பழியும் பொறுப்பும்

அக்காலத்தில் உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி உண்டாயிற்று. வேலையற்றோர் பெருகினர். மாவோரியர்க்குச் செலவிடும் பணத்தைச் சிலர் குறைகூறத் தலைப்பட்டனர். குறை கூறுதற்கு இடமும் இருந்தது. ஙாட்டா விரைந்து செயலாற்றுபவர். அலுவலக விதிகள் பணிக்குத் தடையாகத் தோன்றியபோது அவற்றைப் பொருட்படுத்தாது மேற்சென்றார். பேரேடுகள் செவ்வனே எழுதப்படவில்லை. வேலைக்குத் தம் உறவினரையும் குலத்தாரையும் அமர்த்தினார் என்ற பழியும் எழுந்தது.

1934ஆம் ஆண்டில் நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணைக்குழு அமைந்து விசாரித்தது. அலுவலர் ஒருவர் பொய்க்கணக்கு எழுதியது வெளிப்பட்டது. வேறு சிலரும் கண்டிக்கப்பெற்றனர். விதிகளைப் புறக்கணித்தார் என அமைச்சரும் கடிந்துரைக்கப்பெற்றார். ஆயினும், அவர் பெருங்குற்றம் இழைத்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. தம்கீழ் உள்ளார் செய்த பிழைக்குத் தாமே பொறுப்பு எனக் கொண்டு, 1934ஆம் ஆண்டு நவம்பரில் ஙாட்டா அமைச்சர் பதவியைத் துறந்தார்.

இந்நிகழ்ச்சி நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோக்கம் தூயதாயினும், பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும். மக்கள்மீது கொண்ட அன்பு கணக்கேட்டிற்கு ஈடாகாது. இதனை ஙாட்டா உணராது போனது அவர் குறையே. ஆனால், அவர் சினந்து ஒதுங்கவில்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவே இருந்து தம் மக்களுக்காகத் தொடர்ந்து வாதாடினார். 1935ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த எதிர்க்கட்சியும் நிலத்திட்டங்களைக் கைவிடாது தொடர்ந்து நடத்திற்று. பணியின் பயனுக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அத்திட்டங்களால் நிலத்தின் மேற்பார்வை நெடுங்காலம் அரசின் கையிலேயே நின்றுவிட்டது எனப் பிற்காலத்தார் குறை கூறியதும் உண்டு. அதனையும் மறைத்தல் ஆகாது.

இறுதிக்காலம்

1940ஆம் ஆண்டில், வைட்டாங்கி உடன்படிக்கையின் நூற்றாண்டு விழா நிகழ்ந்தது. அங்கு எழுந்த புதிய சிற்பமன்றத்தின் திறப்பின்போது, அறுபத்தைந்து வயதான ஙாட்டா தாமே முன்னின்று வீர ஆடலை நடத்தினார். அவ்விழாவிலும் அவர் வெறும் புகழுரை கூறவில்லை. நூறாண்டில் தம் மக்கள் இழந்த நிலத்தையும் தாழ்ந்த தலைமையையும் அவையறிய எடுத்துரைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் மாவோரியர்க்கெனத் தனிப்படை ஒன்று அமைய அவர் முயன்று வெற்றி கண்டார். ஏறத்தாழ 3,600 பேர் அப்படையிற் பணியாற்றினர். அவருள் 600க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். சம உரிமைக்கு மாவோரியர் கொடுத்த விலை இது என்பதை நாட்டினர்க்கு எழுதி உணர்த்தினார். இருந்தும், 1943ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். அதன் பின்னரும் அவர் பழம்பாடல் ஆராய்ச்சியை விடவில்லை. 1948ஆம் ஆண்டில் நியூசிலாந்துப் பல்கலைக்கழகம் அவர்க்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. 1950ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14ஆம் நாள், வையோமாட்டாட்டினியில் அவர் இயற்கை எய்தினார்.

மறைந்தொழிவர் எனக் கருதப்பட்ட மாவோரியர் தொகை, 1945ஆம் ஆண்டிலேயே ஒரு இலட்சத்தை நெருங்கியிருந்தது. இது ஒருவரால் மட்டும் நிகழ்ந்ததன்று. எனினும், அவ்வெழுச்சியில் ஙாட்டாவின் பங்கு பெரிது. பிற்காலத்தில் நியூசிலாந்து அரசு தன் 50 டாலர் தாளில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமை செய்தது. பணக்கணக்கிற் குறை கண்டு பதவியிழந்தவரின் உருவம் அந்நாட்டுப் பணத்திலேயே இடம் பெற்றது, காலம் அளித்த தீர்ப்பு எனலாம். புதிய கல்வியைக் கற்றும் தம் முன்னோர் மொழியை மறவாதவர். அரசின் அவையில் அமர்ந்தும் தம் ஊரின் மண்ணை விட்டு நீங்காதவர். பழி வந்தபோது பொறுப்பேற்றவர். பதவி போனபோதும் பணியைத் துறவாதவர். அவர்தம் வாழ்வு பொதுப்பணி புரிய விழையும் இளைஞர் அனைவர்க்கும் நல்ல வழிகாட்டியாகும்.