எழுதுகோலால் சமுதாயத்தை எழுப்பிய அறிஞர் சித்தி லெப்பை



நம் மார்க்கத்தில் எழுதுகோலுக்குத் தனிச் சிறப்பு உண்டு. முதன்முதலாக அருளப்பெற்ற இறைவசனங்களே ஓதுவதையும் எழுதுகோலால் கற்பிக்கப்படுவதையும் பற்றிப் பேசுகின்றன. அந்த எழுதுகோலைத் தம் வாழ்நாள் முழுதும் கீழே வைக்காத ஒரு பெரியாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகிறோம். அன்னார், இலங்கை கண்டி நகரின் அறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை ஆவார்.

கண்டி நமக்கு அந்நியமான ஊரன்று. நம் கொல்லிமலையைப் போலவே அதுவும் காப்பியும் மிளகும் விளையும் மலைநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து சென்ற தமிழ் மக்களும் இருந்தனர்.

பிறப்பும் தொழிலும்

சித்தி லெப்பை 1838-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கண்டியில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். இளமையிலேயே அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளையும் கற்றுத் தேர்ந்தார். 1862-இல் மாவட்ட நீதிமன்றத்திலும், 1864-இல் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். கண்டி நகராட்சி மன்றத்திலும் அங்கம் வகித்தார். பொருளும் புகழும் நிறைந்த வாழ்வு அவருக்கு எளிதாகவே கிட்டியிருக்கும். ஆயினும் தம் சமுதாயத்தின் நிலை அவர் உள்ளத்தை உறுத்தியது.

அந்நாளில் ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களின் வசம் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளைகள் மார்க்கத்தை இழந்துவிடுவரோ என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதன் விளைவு, ஒரு தலைமுறையே உலகக் கல்வியின்றி நின்றதுதான். அச்சத்தையும் மதிக்க வேண்டும், அறியாமையையும் போக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் வழி காண்பதே அன்னாரின் வாழ்நாள் பணியாயிற்று.

இருவகை எழுத்து

அக்காலத்து முஸ்லிம் இல்லங்களில் வழங்கிய எழுத்து முறையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கு அரபுத் தமிழ் என்று பெயர். அரபியின் 28 எழுத்துகளில் தமிழின் எல்லா ஒலிகளுக்கும் இடமில்லை. ஆகவே ட, ண, ள, ழ, ப, ங போன்ற ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர்.

குர்ஆன் ஓதக் கற்ற எவரும், தமிழ் நெடுங்கணக்கை அறியாதவராயினும், இவ்வெழுத்தின் வழியே தமிழ் நூலைப் படித்துவிடலாம். பள்ளிக்கூடம் செல்லாத நம் பாட்டிமார் பலர் இவ்வாறே சட்ட நூல்களையும் மாலைகளையும் படித்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்ற மேதைகள் இதில் பெரு நூல்கள் இயற்றினர்.

இந்நூல்களை அச்சிடக் கல்லச்சு பெரிதும் உதவியது. எழுத்தர் ஒருவர் கொழுப்பு கலந்த மையினால் பக்கத்தைக் கைப்பட எழுதுவார். அது வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மீது பதிக்கப்படும். கல்லை நீரால் நனைத்து மையை உருட்டினால், ஈரம் படிந்த இடம் மையை விலக்கும். எழுத்து மட்டும் அதனை ஏற்கும். இவ்வாறு ஒருவரின் கையெழுத்தே நூற்றுக்கணக்கான படிகளாகப் பெருகியது.

தமிழ் எழுத்து நூல்களும் ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1835-இல் அச்சகச் சட்டம் தளர்த்தப்பட்ட பின்னரே இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த முடிந்தது. ஓலைச்சுவடிகளில் இருந்த உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் பதிப்பித்து 1842-இல் அச்சேற்றினார்கள்.

முஸ்லிம் நேசன்

இச்சூழலில்தான் சித்தி லெப்பை 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் "முஸ்லிம் நேசன்" வார இதழைத் தொடங்கினார். தமிழில் வெளிவந்த அவ்விதழ் அரபுத் தமிழுக்கும் இடம் தந்தது. உலகச் செய்திகளையும், கல்வியின் அவசியத்தையும், சமுதாயத்தின் குறைகளையும் அது வாரந்தோறும் எடுத்துரைத்தது. இலங்கையோடு நில்லாமல், தமிழகத்திலும் மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் வாசகரைப் பெற்றது. 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் "சிங்கை நேசன்" என்னும் வார இதழைத் தொடங்கினார்கள் என்பதும் இங்கே எண்ணத்தக்கது.

எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோல்வியுற்ற ஒராபி பாஷா 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். சித்தி லெப்பை அவரோடு நெருங்கிப் பழகினார். சமுதாயத்தின் கல்வி முயற்சிகளுக்கு அந்த எகிப்தியத் தலைவரின் ஆதரவு பெருந்துணையாயிற்று.

1885-இல் முஸ்லிம் நேசன் அச்சகத்திலேயே அன்னாரின் "அசன்பே சரித்திரம்" என்னும் நவீனம் வெளிவந்தது. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்த ஓர் இளைஞனின் கதை அது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879-இல் வந்து ஆறே ஆண்டுகளில் இது வந்தமையால், தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கத்திலேயே இந்நூலுக்கு இடமுண்டு. கதை படிக்கும் சுவையால் மக்களைப் படிப்பின் பக்கம் இழுக்கலாம் என்பதை அன்னார் நன்கு உணர்ந்திருந்தார். கதையோடு நில்லாது, அரபு இலக்கணமும் ஞான நூல்களும் எழுதினார்.

எழுத்திலிருந்து பள்ளிக்கு

எழுதியதோடு கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. வருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலை விட்டுக் கொழும்பு சென்று, 1884-இல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்க உழைத்தார். போதிய ஆதரவின்றி அது நிலைக்கவில்லை. எனினும் அவர் மனம் தளரவில்லை. கட்டடக் கலைஞரும் கொடைவள்ளலுமான வாப்பிச்சி மரைக்காருடன் இணைந்து, 1892-இல் மருதானையில், ஒராபி பாஷாவின் ஆதரவோடு மீண்டும் ஒரு பள்ளியை நிறுவினார். அல் மத்ரஸத்துஸ் ஸாஹிரா என்ற பெயரில் எழுந்த அதுவே இன்று ஸாஹிராக் கல்லூரியாகத் திகழ்கிறது. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தபோது பெற்றோரின் அச்சமும் படிப்படியாக நீங்கியது. பெண் குழந்தைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று கண்டியில் அதற்கான முயற்சியையும் மேற்கொண்டார். அந்நாளில் இது சிறிய துணிவன்று.

1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், தம் அறுபதாம் வயதில், அன்னார் இறையடி சேர்ந்தார்கள். 1977-இல் இலங்கை அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நாம் செய்ய வேண்டியது

எழுத்தின் வடிவம் ஓயாது மாறிக்கொண்டே வந்துள்ளது. ஓலையும் எழுத்தாணியும் போய்க் காகிதமும் மையும் வந்தன. கல்லச்சும் ஈய எழுத்தும் வந்தன. தட்டச்சும் கணினியும் வந்து, இன்று கைப்பேசியில் பெருவிரலால் எழுதுகிறோம். இம்மாற்றத்தைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. சித்தி லெப்பையே தம் காலத்தின் புதிய கருவியான அச்சைத் தயக்கமின்றிக் கையாண்டவர்தாம்.

ஆனால், ஒரு வடிவம் மறையும்போது அதை வாசிப்பவரும் மறைகின்றனர். அரபுத் தமிழுக்கு நேர்ந்தது இதுவே. பாட்டனார் கைப்பட எழுதிய பக்கத்தைப் பேரன் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கும் நிலை பல குடும்பங்களில் உள்ளது. அது துஆவா, கடன் கணக்கா, மகளுக்கு எழுதிய கடிதமா என்று சொல்ல வீட்டில் எவருமில்லை. பழைய தாள் என்று எரித்துவிட்டால் பிறகு கேட்டறியவும் வழியில்லை.

ஆகவே, சோளக்காட்டு ஜமாஅத்தார்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். இல்லங்களில் பழைய கையெழுத்துத் தாள்களோ அரபுத் தமிழ் நூல்களோ இருப்பின், அவற்றை அழிக்காமல், படிக்கத் தெரிந்த மூத்தோரிடம் காட்டிப் பொருளைத் தமிழில் எழுதி வையுங்கள். பிள்ளைகளை வாரம் ஒரு பக்கமேனும் கைப்பட எழுதச் செய்யுங்கள். பெரியோர்கள் மலைக்கு வந்த கதையையும், சந்தையில் கடை வைத்த கதையையும், தம் பெற்றோரின் பெயர்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எழுத இயலாதோர் சொல்ல, இளையோர் எழுதட்டும்.

மலைநகர் ஒன்றில் பிறந்த ஒருவரின் எழுதுகோல் கடல் கடந்த சமுதாயத்தையும் சிந்திக்க வைத்தது. நம் குறிப்பேடு நம் பேரப்பிள்ளைகளையாவது சென்று சேரட்டும். வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, உயர்ந்த சுவனபதியை வழங்குவானாக. ஆமீன்.