பழைய காரைக் கழற்றிப் பார்த்தவர் கட்டிய ரோல்ஸ் ராய்ஸ்... யார் இந்த ஹென்றி ராய்ஸ்?

புது ஹேட்ச்பேக் வாங்குகிற காசுக்கு, பத்து வருடப் பழைய சொகுசு கார் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. ஆசைப்பட்டு வாங்கியாச்சு. முதல் மாதம் முழுக்க ஊர் சுற்றல், செல்ஃபி. இரண்டாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சரி, நாமே பார்த்துக்கலாம் என்று டூல் பாக்ஸ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். வீட்டில் வருகிற கேள்வி ஒன்றுதான்: இதை வித்துட்டு வேற வாங்கினா என்ன?

1903-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், 40 வயதுக்காரர் ஒருவர் செகண்ட் ஹேண்ட் பிரெஞ்சு கார் ஒன்றின் முன்னால் இப்படித்தான் நின்றார். அவர் அதை விற்கவில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார். பிறகு அதைவிட நல்ல காரைத் தானே செய்தார். அவர்தான் ஹென்றி ராய்ஸ். ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரின் இரண்டாவது பாதி.

மகாராஜாக்களும் கோடீஸ்வரர்களும் வாங்கிய காரைச் செய்தவர் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தார்? அந்தப் பழைய காரில் அப்படி என்ன பார்த்தார்? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? பார்ப்போம்.

பேப்பர் போட்ட பையன்

ராய்ஸ் பிறந்தது 1863 மார்ச் 27-ல், பீட்டர்பரோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஆல்வால்டன் கிராமத்தில். அப்பா மாவு மில் நடத்தியவர். தொழில் நொடித்ததும் குடும்பம் லண்டனுக்கு வந்தது. 1872-ல் அப்பா இறந்துவிட்டார். அப்போது ராய்ஸுக்கு 9 வயது.

அதன் பிறகு படிப்பு எங்கே? பேப்பர் விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு வருடம்தான் பள்ளிக்கூடம் போயிருப்பார் என்கிறார்கள்.

அவருக்கு ஒரே ஆதரவு அவருடைய அத்தை. வருடத்துக்கு 20 பவுண்டு கட்டி, பீட்டர்பரோவில் உள்ள ரயில்வே பட்டறையில் அப்ரென்டிஸாகச் சேர்த்துவிட்டார். இரும்பை வெட்டுவதும் இழைப்பதும் அங்கே கைக்கு வந்தன. ஆனால் மூன்று வருடத்தில் அத்தையிடம் பணம் தீர்ந்துபோனது. பயிற்சியை முடிக்காமலேயே வெளியே வர வேண்டியதாயிற்று.

லீட்ஸ் நகரில் கருவி செய்யும் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தார். அடுத்து, அன்றைக்குப் புத்தம் புதிய துறையான மின்சாரத்துக்கு மாறினார். லண்டனில் வேலை, பிறகு லிவர்பூலில் தெருவிளக்கு, தியேட்டர் விளக்கு போடும் வேலை. சான்றிதழ் எதுவும் இல்லாதவர் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான்.

20 பவுண்டில் ஒரு பட்டறை

1884-ல் ராய்ஸின் சேமிப்பு 20 பவுண்டு. நண்பர் எர்னஸ்ட் கிளேர்மான்ட் 50 பவுண்டு போட்டார். மான்செஸ்டரின் குக் தெருவில் சின்னதாக ஒரு பட்டறை ஆரம்பித்தார்கள். முதலில் மின்சார அழைப்பு மணி மாதிரி சில்லறைச் சாமான்கள். பிறகு டைனமோ, மோட்டார், எலெக்ட்ரிக் கிரேன் என்று வளர்ந்தார்கள்.

ராய்ஸ் செய்த கிரேன்களுக்கு நல்ல பெயர். ஆனால் 1900-க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவான கிரேன்கள் வந்து இறங்கின. தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆர்டர் குறைந்தது.

இன்னொரு பக்கம் உடம்பு கெட்டது. சாப்பாட்டை மறந்து, தூக்கத்தை மறந்து வேலை பார்க்கிற ஆள். ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில், மனைவியின் உறவினர்கள் இருந்த தென் ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்தார். 1903-ல், தொழில் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பழைய டெகோவில் கார் பட்டறைக்கு வந்தது.

அந்தக் கார் அவ்வளவு மோசமா?

பலரும் சொல்கிற கதை இது: கார் ரயிலில் வந்து இறங்கியது, ஸ்டார்ட் ஆகவில்லை, பட்டறை வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள், ராய்ஸ் கடுப்பாகிவிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டெகோவில் அன்றைய அளவில் மதிப்புள்ள கார்தான். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். அடிப்படை நன்றாக இருந்ததால்தான் அதை வைத்து மேலே யோசிக்க முடிந்தது.

சிக்கல் சின்னச் சின்ன விஷயங்களில் இருந்தது. சத்தம், அதிர்வு, அடிக்கடி சூடாவது, நேரத்துக்குப் பொறி விழாமல் இன்ஜின் தடுமாறுவது. அன்று கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ராய்ஸால் அப்படி விட முடியவில்லை.

காரைப் பிரித்து ஒவ்வொரு பாகமாக ஆராய்ந்தார். இக்னிஷன் வயரிங் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. 20 வருடம் மின்சார வேலை பார்த்தவர் ஆச்சே! பொறி சரியான நேரத்தில் விழும்படி அந்தப் பகுதியைப் புதிதாக யோசித்தார். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டரைத் திருத்தினார். சுழல்கிற பாகங்களின் எடையைச் சமன் செய்து அதிர்வைக் குறைத்தார். சைலன்சரைப் பெரிதாக்கினார்.

இதில் புதுக் கண்டுபிடிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏற்கெனவே இருப்பதை எடுத்து, அது ஏன் கெட்டுப்போகிறது என்று பார்த்து, கெடாத மாதிரி செய்வது. ராய்ஸின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு வேலைதான்.

ஒரு கட்டத்தில் பழைய காரைத் திருத்துவதைவிடப் புதிதாகச் செய்வதே சரி என்று முடிவெடுத்தார். கிரேன் பட்டறையிலேயே, இளம் அப்ரென்டிஸ்களை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக வேலை நடந்தது. கம்பெனிப் பணம் இப்படிப் போகிறதே என்ற கவலை கிளேர்மான்ட்டுக்கு. 1904 ஏப்ரல் 1-ம் தேதி ராய்ஸ் தன் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு, சுமார் 24 கி.மீ. தூரத்தில் நட்ஸ்ஃபோர்டில் இருந்த வீட்டுக்குப் போனார். வழியில் வண்டி நிற்கவில்லை.

ரோல்ஸ் எங்கிருந்து வந்தார்?

சார்லஸ் ரோல்ஸ் அப்படியே எதிர்த்துருவம். பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜ் பட்டதாரி, ரேஸ் பிரியர். வெளிநாட்டுக் கார்களை வரவழைத்து லண்டனில் விற்றுக்கொண்டிருந்தார். அவற்றுக்கு ஈடாக ஓர் ஆங்கிலேயக் கார் இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது.

இருவருக்கும் தெரிந்தவரான ஹென்றி எட்மண்ட்ஸ், ரோல்ஸை மான்செஸ்டருக்கு அழைத்து வந்தார். 1904 மே 4-ம் தேதி, மிட்லேண்ட் ஹோட்டலில் சந்திப்பு. இரண்டு சிலிண்டர் கார் என்றாலே ரோல்ஸுக்குப் பிடிக்காது. ராய்ஸின் காரில் ஏறிய பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. ராய்ஸ் செய்கிற கார்கள் அத்தனையையும் தானே விற்பதாக ஒப்புக்கொண்டார். 1906-ல் ரோல்ஸ் ராய்ஸ் லிமிடெட் பதிவானது.

24,000 கி.மீ. ஓடிய பிறகு செலவு எவ்வளவு?

அடுத்து வந்தது 40/50 என்ற ஆறு சிலிண்டர் கார். அந்த வரிசையில் வெள்ளி நிறம் பூசிய ஒரு காருக்கு சில்வர் கோஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்த மாடலுக்கே அதுதான் பெயராக நிலைத்தது.

1907-ல் அந்தக் காரை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். மொத்தம் 15,000 மைல், அதாவது சுமார் 24,000 கி.மீ. கூடவே ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பாளர்கள். இன்ஜின் கோளாறு என்று கார் ஒரே ஒரு முறைதான் நின்றது. காரணம் என்ன தெரியுமா? அதிர்வில் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

ஓட்டம் முடிந்ததும் காரைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை அளந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் புதுசு போல ஆக்கத் தேவைப்பட்ட பாகங்களின் விலை 2 பவுண்டுக்குச் சற்றே அதிகம். மற்ற கார்கள் சில நூறு மைலுக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. உலகின் சிறந்த கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

காருக்குக் கவனிப்பு, உடம்புக்கு?

1908-ல் டெர்பி நகரில் பெரிய தொழிற்சாலை திறந்தது. 1910 ஜூலையில் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். வயது 32. அடுத்த வருடமே ராய்ஸின் உடம்பு முற்றிலும் விழுந்தது. பெரிய அறுவை சிகிச்சை ஆனது. அதிக நாள் தாங்காது என்றே பலரும் நினைத்தார்கள்.

தேய்ந்த போல்ட்டைக்கூட ஏன் தேய்ந்தது என்று கேட்டவர், தன் உடம்பு கொடுத்த எச்சரிக்கைகளை வருடக்கணக்கில் கண்டுகொள்ளவில்லை. திருமண வாழ்க்கையும் விலகிப்போனது. கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டது எத்தல் ஆபின் என்ற நர்ஸ்.

அதன் பிறகு அவர் டெர்பி தொழிற்சாலையில் வேலை பார்க்கவில்லை. கம்பெனியை நடத்திய கிளாட் ஜான்சன், அவருக்குத் தெற்கு பிரான்ஸில் குளிர்கால வீட்டுக்கு ஏற்பாடு செய்தார். மற்ற மாதங்கள் இங்கிலாந்தின் கடற்கரையில். வரைபடம் போடும் குழுவும் பக்கத்திலேயே தங்கியது. இன்றைய வார்த்தையில் சொன்னால், 20 வருட வொர்க் ஃப்ரம் ஹோம்.

அப்படி இருந்துகொண்டே விமான இன்ஜின்களும் செய்தார். 1919-ல் அட்லான்டிக் கடலை முதன்முதலாக நிற்காமல் கடந்த ஆல்காக், பிரவுன் இருவரின் விமானத்தில் இருந்தவை ரோல்ஸ் ராய்ஸின் ஈகிள் இன்ஜின்கள்.

பழசை எப்போது மாற்றினார்?

சில்வர் கோஸ்ட் மாடல் கிட்டத்தட்ட 20 வருடம் உற்பத்தியில் இருந்தது. வருடா வருடம் புது மாடல் விடாமல், ஒவ்வொரு குறையாகத் திருத்திக்கொண்டே போனார் ராய்ஸ். இனி இந்த அடிப்படையில் மேலே போக முடியாது என்ற நிலை வந்த பிறகு, 1925-ல் பேன்டம் வந்தது. டெகோவில் விஷயத்திலும் இதே வரிசைதான்: முதலில் ஓட்டிப் பார், குறையைக் குறித்துக்கொள், காரணத்தைக் கண்டுபிடி, பாகத்தை மாற்று. அடிப்படையே போதாது என்று தெரிந்தால் மட்டும் காரை மாற்று.

உங்கள் பழைய காருக்கும் இந்த வரிசை பொருந்தும். ஒரே ஒரு விஷயம்: ராய்ஸ் காலத்துக் காரில் ஏர்பேக் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பிரேக், ஏர்பேக், ஹைபிரிட் பேட்டரி போன்றவற்றைத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆனால் எது, ஏன் கெட்டது என்று தெரிந்துகொண்டு விற்பதற்கும், மஞ்சள் விளக்குக்குப் பயந்து விற்பதற்கும் வித்தியாசம் இருக்கு.

1930-ல் ராய்ஸுக்கு சர் பட்டம் வந்தது. 1933 ஏப்ரல் 22-ம் தேதி, வெஸ்ட் விட்டரிங் கிராமத்து வீட்டில் 70 வயதில் காலமானார். பட்டம் வந்த பிறகும் தன்னை ஒரு மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ளவே அவர் விரும்பினார் என்பார்கள். அவருடைய அஸ்தி இப்போது இருப்பது ஆல்வால்டன் தேவாலயத்தில். அப்பாவின் மாவு மில் நொடித்துப்போன அதே கிராமம்.